வறண்ட ஆண்டின் ஞானஸ்நானம்

ஹாங்காங்கில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர். இன்று மண் சுமக்கும் சுக்யிங்கின் முறை வருமுன்பே அடைத்துவிட்டார்கள். குடியிருப்பின் மொட்டைமாடியில் இருக்கும் லுத்தரன் கோயிலில் காலி வாளியும் கைக்குழந்தையுமாக நிற்கிறாள். ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து கிடக்கிறது. "ஒரு சொட்டு கிடைச்சாலும் போதும்மா," என்கிறார் போதகர். "ஏன், நம்ம பிள்ளைக்கு மட்டும் என்ன கஞ்சத்தனம்?" என்று எழுந்து கீழே ஓடுகிறாள் மீன்காரி லாம். சோறு வடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து கவிழ்க்கிறாள். அவள் பின்னாலேயே கெட்டிலும் தகரடப்பாவுமாகக் குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி வருகிறார்கள். தொட்டியில் வெயில் தளும்புகிறது. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று போதகர் மூன்று முறையும் கை நிறைய அள்ளி ஊற்ற, பிள்ளை வீறிடுகிறான். "நாங்க குளிக்காம நாறுறோம், துரை அழுறதைப் பாரு!" என்கிறாள் லாம். சிரிப்போடு சிரிப்பாகப் பாட்டு கிளம்புகிறது. சுக்யிங் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்குகிறாள். அவள் முழங்கை வழியே தண்ணீர் தரையில் ஒழுகுகிறது; யாரும் பாத்திரம் வைத்துப் பிடிக்கவில்லை.