அண்ணாந்து

போர் விமானங்களின் சாகசக் காட்சியைப் பார்க்கக் கடற்கரைக்குப் போகலாம் என்று ஒரு வாரமாக நச்சரித்தவள் கயல்விழிதான். ஆனால் ஒவ்வொரு முறை விமானம் தலைக்கு மேல் இரைந்தபோதும் இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டது. அவள் குனிந்து அதன் காதுகளைப் பொத்தினாள். நிமிர்ந்தால் வானத்தில் புகை மட்டும் கலைந்துகொண்டிருந்தது.

"செமயா இருந்துச்சுல்ல?" என்றான் கணவன் மதியழகன், கைப்பேசியில் படமெடுத்தபடியே.

"நான் எங்க பாத்தேன்?"

"விடு, வீட்டுக்குப் போய் வீடியோவுல பாத்துக்கலாம்."

கடைசி அணி வருவதாக ஒலிபெருக்கி அறிவித்தது. கயல்விழி கைப்பேசியைப் பிடுங்கித் தன் பையில் போட்டாள். குழந்தையை அவன் கையில் திணித்தாள்.

"ஏய், என்னடி பண்ற?"

"ரெண்டு காதையும் நல்லாப் பொத்துங்க."

கடல் பக்கமிருந்து இரைச்சல் கிளம்பியது. குழந்தை அவளை நோக்கிக் கைநீட்டி அலறியது. அவள் திரும்பவில்லை. கண்கூசும் வெயிலில், இமைக்காமல் அண்ணாந்து நின்றாள்.