ஒப்படைத்த பிரம்பு

பயிற்சியின் பத்தாம் நாள், ஆசிரியர்கள் எல்லோரும் அவரவர் பிரம்பை மேடையில் ஒப்படைத்தோம். இனி அடி கிடையாது, புளியங்கொட்டையை வைத்து விளையாட்டாகத்தான் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார்கள். நான் கடைசி ஆளாகக் கொடுத்தேன்.

பள்ளிக்குத் திரும்பிய வாரமே தலைமையாசிரியர் நல்லுசாமி என் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"என்ன தம்பி, இது வகுப்பா, வாரச்சந்தையா?"

"கொட்டையை வச்சுக் கழித்தல் போடுறாங்க சார்."

"அந்தா ஒருத்தன் தின்னுக்கிட்டு இருக்கான். அதுவும் கழித்தல்தானா?"

நான் போய் அந்தப் பையன் கையிலிருந்த கொட்டையை வாங்கிவைத்தேன்.

"அம்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார்ங்கிறதை உங்க பயிற்சியில யாரும் நினைச்சுப் பாக்கலையா? நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாரார். இம்புட்டுச் சத்தம் கேட்டா உங்களை வேற ஊருக்குத் தூக்கிருவார். ஒரு பிரம்பு வாங்கிட்டு வாங்க."

கத்திக் கத்தி எனக்கும் தொண்டை கட்டியிருந்தது. சாயங்காலம் நாகல் நகர் கடைக்குப் போனேன்.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார்" என்று கடைக்காரர் ஒரு கட்டைப் பிரித்தார். "எல்லாம் வாத்தியார்மார் கைபட்டுப் பழகினது. ஏதோ பயிற்சி நடந்த இடத்துல சும்மா கிடந்துச்சுன்னு வித்துட்டாங்க."

ஒரு பிரம்பின் நுனியில் பச்சைச் சேலைத்துணி சுற்றியிருந்தது. அதை எடுத்தேன்.

"அதை விடுங்க சார். நுனியில துணி சுத்துனா பிள்ளைக்கு எப்படி வலிக்கும்?"

வலிக்கக்கூடாது என்றுதான், போன வருடம் இறந்துபோன என் மனைவி அதைச் சுற்றிக் கொடுத்தாள்.

காசைக் கொடுத்தேன். துணியை மட்டும் அவிழ்த்துக்கொண்டு, பிரம்பை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.