ஆண்மீனின் ஈரல்

"பிள்ளை, மறைக்காமல் சொல்லும். எங்கட கிணத்து மீனுக்கு என்ன வந்தது?"

ஜசிந்தா கிணற்றுக்கட்டில் குந்திவிட்டாள். ஊர்காவற்றுறையில் யார் வீட்டில் என்ன கறி என்பதுவரை அறிந்தவளுக்குத் மூன்று வீட்டுக்குப் பொதுவான தன் பங்குக் கிணற்றின் சங்கதி தெரியாதது மானப்பிரச்சினை.

நுளம்பு கடிக்காமலிருக்க, அதன் குடம்பிப் புழுவைத் தின்னக் கிணற்றில் விட்ட மீன்கள் அவை. கம்பஸில் படிக்கும் நிலக்சனா போன மாதம் சிலதைப் பிடித்துப்போய்ச் சோதித்திருந்தாள். இன்றும் வாளியில் இரண்டு கிடந்தன.

"எல்லாம் ஆண்மீன் அன்ரி. ஆனால் ஈரல் முட்டைக்கரு செய்யுது."

"அந்தோனியாரே! ஆண்மீனோ?"

"ஆண்மீனின்ர ஈரலிலையும் ஒரு பூட்டு இருக்கு. பெண் ஹோர்மோன்தான் அதைத் திறக்கிற திறப்பு; திறந்தால் முட்டைக்கரு ஊறும். திறப்பு வர வர, ஈரல் பூட்டுகளையும் கூட்டிக்கொண்டே போகும்."

"கேட்டியே பிரேமினி?" ஜசிந்தா மருமகளிடம் திரும்பினாள். "என்ர வளவிலை ஆண்மீனே முட்டைக்கு ஆயத்தமாம். நீ மூண்டு வருசமாய்ச் சும்மா நிக்கிறாய். திருநாளுக்கிடையிலை நல்ல சேதி இல்லையெண்டால், உன்னைத் தாய்வீட்டுக்கு, அனலைதீவுக்கே வள்ளம் ஏத்திப்போடுவன்."

பிரேமினி துவாயால் மூக்கை மூடிக்கொண்டு தள்ளி நின்றாள்.

"மீன்பிடிகாரன்ர பெண்சாதிக்கு மீன் வெடுக்கோ? எடுப்பைப் பார்!"

பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மகன் அன்ரனிதாஸ் நிமிரவே இல்லை. தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை.

"அப்ப அந்தத் திறப்பு எங்காலை வந்தது?" என்றாள் ஜசிந்தா.

நிலக்சனா குரலைத் தாழ்த்தினாள். "தண்ணியையும் சோதிச்சன் அன்ரி, கர்ப்பத்தடைக் குளிசையின்ர மருந்து இருக்கு. ஆரோ நாள் தவறாமல் குளிசையைக் கிணத்துக்கை போடினம்."

இது ஜசிந்தாவுக்குப் பெருநாள் விருந்து. கிணற்றில் பங்குள்ள மற்ற இரண்டு வீட்டையும் விரலில் எண்ணினாள். "மீனலோசனிக்கு அறுபது தாண்டிட்டுது. மிச்சம் றொஷானி. அவளின்ர மனிசன் ரெண்டு வருசமாய்க் கட்டாரிலை... அப்ப இவளுக்கு என்னத்துக்கடி குளிசை?"

வாசற்படலை வரைக்கும் போய்விட்டாள். இன்னும் அரைமணியில் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

"அம்மா, நில்லுங்கோ!" வலையைப் போட்டுவிட்டு எழும்பிய அன்ரனிதாஸ், மனைவியைப் பார்த்து வாய்விட்டே கேட்டுவிட்டான். "இஞ்சாரும், வெளிநாடு போனபிறகு பிள்ளை பெறுவமெண்டு நான் மாதாமாதம் வாங்கித் தந்த குளிசையளை நீர் விழுங்கேல்லையோ?"

படலையைப் பிடித்தபடி ஜசிந்தா மெதுவாக மகன் பக்கம் திரும்பினாள்.

பிரேமினி துவாயை எடுக்காமலே சொன்னாள்: "முதல்லை அந்த மீன் வாளியை அங்காலை கொண்டுபோகச் சொல்லுங்கோ. ரெண்டு மாதமாய் இந்த வெடுக்குக்குத்தான் எனக்கு ஓங்காளிச்சுச் சத்தி வருது."