டயப்பர் விளம்பரம்

அப்பா மறுபடியும் டயப்பர் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை கடை வாசலைத் தாண்டி நிற்கிறது. ஜெராக்ஸ் மெஷின் சும்மா கிடக்கிறது. கடைக்கு இருப்பதே ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதன் முன்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இந்த மனுஷன் குழந்தை டயப்பரை இப்படிப் பார்த்தால் எனக்கு மானம் போகாதா?

"ஐயா, மனு பிரிண்ட் எடுக்கணும். கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்றார் வக்கீல் குமாஸ்தா.

"இருய்யா, இது முடியட்டும்."

"அதை மூடத்தான் மூலையில பெருக்கல் குறி இருக்கே!"

அப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முழுசாகப் பார்த்து முடித்துவிட்டுத்தான் மனுவைத் திறந்தார்.

குமாஸ்தா என் பக்கம் குனிந்தார். "விளம்பரத்தைத் தடுக்க ஆட் பிளாக்கர்னு ஒண்ணு இருக்காம்மா. அதைப் போட்டுத் தொலையேன். என் மச்சான்கூட ஒண்ணு போட்டிருக்கான். ஆனா காசு குடுத்த கம்பெனி விளம்பரத்தை மட்டும் அது உள்ள விட்டுடுதாம்."

"வேலியே பயிரை மேயற கதையா? அது வேணாம்ணே. வேற நல்லதா பார்க்கறேன்."

இதையெல்லாம் கேட்க எனக்கு ஒரே ஆள்தான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பி. மனைவியோடு அவன் கிளம்பிய அன்று, "கடையை விட்டுட்டுப் போறவன் எனக்குப் பிள்ளையே இல்லை" என்று அப்பா கத்த, "இனிமே நான் போன்கூட பண்ண மாட்டேன்" என்று அவன் கத்த, அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. ரெண்டும் ஒரே குட்டையில் ஊறின மட்டை. நடுவில் மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி எனக்கு.

போன் போட்டேன்.

"காசு கேக்கறதும் வேணாம்க்கா, நீ என்ன பார்க்கறேன்னு வேவு பார்க்கறதும் வேணாம். நான் ஒண்ணு அனுப்பறேன், அதைப் போடு. இங்க வந்த அன்னிக்கே நான் போட்டது. இன்னி வரைக்கும் ஒரு விளம்பரம் என் கண்ணுல பட்டதில்லை."

"கடை கம்ப்யூட்டருக்குத்தான்டா. நீ விட்டுட்டுப் போனது. இன்னும் உன் மெயில் கணக்குலதான் ஓடுது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "எப்படி இருக்கார்?"

"நீயே போன் பண்ணிக் கேளேன்."

வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டமில்லை. அவன் அனுப்பியதைப் போடலாம் என்று உட்கார்ந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா எச்சில் கையோடு ஓடி வந்தார்.

"கையை எடு!"

"விளம்பரத்தைத் தடுக்கத்தான்ப்பா. வேலை சீக்கிரம் ஆகும்."

"ஒண்ணும் ஆக வேணாம். எடுன்னா எடு!"

"அந்த டயப்பர்ல அப்படி என்னப்பா இருக்கு?"

அப்பா வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இது அவன் கணக்கு. அவன் அங்க எதைத் தேடறானோ, அதுதான் இங்க விளம்பரமா வருது. மொதல்ல கம்பளிக் கோட்டா வந்துச்சு. நம்ம ஊர்ல எவன் கோட்டு போடறான்? அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. அப்புறம் முதுகுவலிக்கு பெல்ட்டு. உட்கார்ந்தே வேலை பார்க்கறான், பாவம். அப்புறம் தொட்டில். இப்ப டயப்பர். அதுலயும் சைஸ் மாறிடுச்சு, பார்த்தியா? குழந்தை கொழுகொழுன்னு இருக்கும் போல."

குழந்தை பிறந்ததை அவரிடம் சொல்லக்கூடாது, அவரே கேட்கட்டும் என்று தம்பி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"ஆணா பொண்ணான்னு மட்டும் இந்தப் பாழாப்போன விளம்பரத்துல தெரிய மாட்டேங்குது" என்றார்.

சத்தியமாவது மண்ணாவது.

"பொண்ணுப்பா."

சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தவர், கீபோர்டை இழுத்து ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். அவன் இருக்கும் ஊரிலிருந்து எங்கள் ஊருக்கு விமான டிக்கெட்.

"தினமும் கடையைத் திறந்ததும் இதைத்தான் தேடறேன். அவன் கணக்குதானே? அவனுக்கும் இந்த விளம்பரம் போகும்ல? வாயைத் திறந்து வாடான்னு கூப்பிட எனக்கு வக்கில்லை. இதைப் பார்த்தாவது அவனுக்குப் புரியாதா? சொல்லும்மா, அவன் கண்ணுல பட்டிருக்கும்ல?"

ஒரு விளம்பரம்கூடக் கண்ணில் பட்டதில்லை என்று அவன் சொன்னது எனக்கு நினைவு வந்தது.

"பட்டிருக்கும்ப்பா. கண்டிப்பா பட்டிருக்கும்."

வெளியே வந்து தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'உன் கணக்குல அப்பா தினமும் ஒண்ணு தேடறார். அந்த ஆட் பிளாக்கரை எடுத்துட்டு, என்னன்னு நீயே பாரு.'

பதில் இல்லை. மறுநாளும் இல்லை. கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை. வழக்கம்போலக் கடை நிறையக் கூட்டம். வழக்கம்போலக் குமாஸ்தா கையில் மனுவோடு காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். திரையில் புதிதாக ஒரு விளம்பரம் வந்தது.

விமானத்தில் கைக்குழந்தையைப் படுக்கவைக்கிற கூடை.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, கோர்ட்டுக்கு நேரமாச்சு! அந்தப் பெருக்கல் குறியை..."

அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"கொஞ்சம் சும்மா இருய்யா. என் பையன் பேசிட்டிருக்கான்."