விடுபட்ட இருபது நிமிடம்

“ஒரு ஏமாத்துக்காரருக்கு விருது கொடுக்கிற மேடையில நான் உட்கார மாட்டேன். வெள்ளிக்கிழமை விழாவை நிறுத்து!”

திரைப்படக் கழகத்தின் செயலாளர் தலை நிமிர்ந்தாள். வாசலில் நின்றவர் வார்டன் மேடம். ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகியும் ஊரில் அவருக்கு வேறு பெயர் கிடையாது. செயலாளர் இன்று ஒரு மருத்துவமனையின் தலைமைச் செவிலியர். ஆனாலும், படிக்கும் காலத்தில் அவருடைய விடுதியில் இருந்தவள் என்பதால், தன் அறையிலேயே எழுந்து நின்றாள்.

“யாரைச் சொல்றீங்க, மேடம்?”

“அதோ, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிறாரே, அவரைத்தான்.”

மூலையில் ஸ்டூலின் மேல் ஏறித் திரையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த ஆபரேட்டர், கயிற்றை விடாமலே திரும்பிப் பார்த்தார். நாற்பது ஆண்டுகள் ஒரே திரையரங்கில் படம் ஓட்டியவர். விருது அவருக்குத்தான்.

“நேத்து நீங்க போட்ட உளவாளிப் படத்தைப் பார்த்தேன்” என்றார் வார்டன்.

“பிடிச்சிருந்துச்சா, மேடம்?”

“பிடிச்சுப்போனதுதான் பிரச்சினை!”

ஆபரேட்டர் விழித்தார்.

“முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி இதே படத்தை உங்க தியேட்டர்ல பார்த்தேன். கதாநாயகன், உயிருக்கு உயிரான நண்பனைப் பாலத்துல நிறுத்திச் சுட்டுட்டுப் போறான். ஏன் சுட்டான்? காரணமே இல்லை. தலையும் புரியலை, வாலும் புரியலைன்னு கழக இதழ்ல ரெண்டு பக்கம் எழுதினேன். தலையும் வாலும் ஒழுங்காத்தான் இருந்திருக்கு. இடுப்பைத்தான் காணோம்!”

செயலாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“நடுவுல இருபது நிமிஷம் ரயில் நிலையத்துல நடக்குது. நண்பன் பெட்டியை மாத்தி வைக்கிறான். கதாநாயகன் அதைக் கண்ணாடியில பார்த்துடறான். பார்த்துட்டும் எதுவும் கேட்காம, அவனுக்கு ஒரு டீ வாங்கிட்டு வந்து நீட்டறான். ஒரு வசனம் கிடையாது. அந்தக் கை லேசா நடுங்குது பாரு...”

வார்டனின் குரல் தழுதழுத்தது. உடனே தொண்டையைச் செருமி அதைச் சரிசெய்துகொண்டார்.

“அந்தக் காட்சிதான் படத்துக்கு உயிர். அதை அன்னிக்கு வெட்டினது யாரு?”

“வெட்டலை, மேடம். ஏழாவது ரீலையும் எட்டாவது ரீலையும் ஓட்டாம பெட்டியிலேயே வச்சுட்டேன்.”

“முதலாளி சொன்னாரா?”

“இல்லை. நானா செஞ்சதுதான்.”

“சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், அதானே?”

ஆபரேட்டர் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

“காசு கொடுத்து வந்தவங்களுக்கு முழுப் படத்தையும் காட்ட வேண்டாமா?”

“காட்டணும், மேடம். அன்னிக்கு வந்த மத்தவங்களுக்கு நான் செஞ்சது தப்புதான். விருதெல்லாம் வேண்டாம்னு இந்தம்மாகிட்ட அப்பவே சொன்னேன்.”

“காரணத்தைக் கேட்டா வாயைத் திறக்கிறாரா பார்! மணி தவறாம, விதி தவறாம முப்பது வருஷம் விடுதியை நடத்தினவ நான். அழைப்பிதழ்ல ஒண்ணு அவர் பேர் இருக்கணும், இல்லைன்னா என் பேர் இருக்கணும். இப்பவே முடிவு பண்ணு.”

மேசையின் மேல் அச்சுக்குப் போக வேண்டிய அழைப்பிதழ் கிடந்தது. செயலாளர் பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்தாள். பிறகு மூடிவிட்டு, ஆபரேட்டரைப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்க சொல்ல மாட்டீங்க. நான் சொல்லிடறேன்.”

“வேண்டாம்மா. விடு.”

“எப்படி விடறது? உங்களைத் திருடன் மாதிரி நிக்க வச்சுக் கேட்கிறாங்க.” அவள் வார்டன் பக்கம் திரும்பினாள். “விடுதி கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டுவீங்க. சனிக்கிழமை எங்களைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்க. எட்டே முக்கால் ஆனதும் எழுந்து நின்னு கையை ரெண்டு தட்டு தட்டுவீங்க. கதாநாயகி தண்ணியில மூழ்கிட்டு இருந்தாலும் சரி, நாங்க நாப்பது பேரும் வரிசையா வெளியில வந்துடணும்.”

“விதின்னா விதிதானே?”

“அரை மணி நேரம் தளர்த்தச் சொல்லித் தியேட்டர்லேருந்தே கடிதம் போட்டாங்க. முடியாதுன்னு பதில் போட்டீங்க. அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தியேட்டர் படிக்கட்டுல நின்னு அண்ணாகிட்ட முடிவைக் கேட்டுட்டுப் போவோம். அலுக்காம சொல்லுவார். வில்லன் மாதிரி விழுந்துகூடக் காட்டுவார்.”

ஆபரேட்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இந்தப் படம் வந்தப்போ மட்டும், ‘இதோட முடிவை வாயால சொல்ல முடியாது, கண்ணால பார்க்கணும்’னார். அந்தச் சனிக்கிழமை படம் எட்டு நாப்பதுக்கே முடிஞ்சுது. ஏழாவது ரீலையும் எட்டாவது ரீலையும் மறுநாள் படிக்கட்டுல வச்சுச் சொன்னார்.”

வார்டன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ... உங்க நாப்பது பேருக்கும் அந்த இருபது நிமிஷம் தெரியுமா? என்கிட்ட ஒருத்திகூடச் சொல்லலையே!”

“சொல்லியிருந்தா அடுத்த வாரம் படத்துக்கே விட்டிருக்க மாட்டீங்க, மேடம். மூணு வருஷப் படிப்புல, ‘முற்றும்’னு போடுற வரைக்கும் நாங்க உட்கார்ந்து பார்த்த படம் அது ஒண்ணுதான்.”