பின்னால் நீளும் கை

வோபர்னில் உள்ள வேட்டைச் சாமான் கடையின் யன்னலுக்கு வெளியே கார்த்திகை வெயில் வெளிறிக் கிடக்கிறது. தோல் அம்பறாத்தூணியை முதுகில் மாட்டிக்கொண்டு அருள்நாயகம் ஆளுயரக் கண்ணாடி முன் நிற்கிறார். அசையும்போதெல்லாம் உள்ளே அம்புகள் உரசிக்கொள்கின்றன. “அண்ணை, உது தனியப் போற ஆளுக்குச் சரிவராது,” என்கிறான் கடைக்கார றூபன். “அம்பெடுக்கக் கையைத் தூக்க, மான் கண்டு ஓடியிடும். வில்லிலையே பூட்டுற தூணி கிடக்கு, அதைக் கொண்டுபோங்கோ.” “முந்தி மனுசி பின்னாலை நிண்டு எடுத்துத் தருவா. சத்தமே வராது,” என்கிறார் அவர். “அப்ப அக்காதான் வேட்டைக்காரி. நீங்கள் சும்மா வில்லுப் பிடிக்கிற ஆள்!” அருள்நாயகமும் சிரிக்கிறார். வசந்தத்தில் பெட்டியோடு விட்பி நகருக்குப் போன மனைவி கிளடிஸ், வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வில்லில் பூட்டும் தூணியை வாங்கினால், அவள் வரமாட்டாள் என்று அவரே முடிவுகட்டியது போலாகிவிடும்.

“எப்பிடி எடுப்பா, இப்பிடியோ?” றூபன் பின்னால் வந்து ஓர் அம்பை உருவுகிறான். தோலில் அது வழுக்கும் மெல்லிய ஓசை. திரும்பிப் பார்க்காமலே அருள்நாயகத்தின் வலது கை இடுப்போரமாகப் பின்னால் நீள்கிறது, உள்ளங்கை விரிந்தபடி. அதில் அம்பு வந்து அமர்கிறது. அவருடைய விரல்கள் அம்போடு சேர்த்து றூபனின் விரல்களையும் பற்றிக்கொள்கின்றன; விடுவதற்குச் சற்று நேரமாகிறது. கண்ணாடியில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். பிறகு அவர் தோளிலிருந்து வாரைக் கழற்றுகிறார்.

“வில்லிலை பூட்டுறதையே தா, தம்பி.”