கிளாட்சன் விழுந்த நாள்

அவன் விழுந்து கிடந்தான்.

மைதானம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. கடல் இரைவது கேட்டது.

டீக்கடையில் இந்தக் கதையை யார் தொடங்கினாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டு பெர்க்மான்ஸைப் பார்ப்பார்கள். மீதியைச் சொல்லும் உரிமை ஊரில் அவர் ஒருவருக்குத்தான்.

அவரும் லேசில் சொல்லிவிட மாட்டார். பிகு பண்ணுவார். இன்று மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த பங்குச் சாமியார் வேறு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். கேட்க வேண்டுமா.

"முந்துன நாள்ல இருந்து சொன்னாத்தான் சாமி மனசிலாவும்" என்றார்.

விழுந்து கிடந்தவன் கிளாட்சன். அவன் காலுக்குப் பந்து போனால் கரையில் மீன் ஏலம் நின்றுவிடும். அப்படி ஓர் ஆட்டம்.

ஒரு திருவிழாக் கால்பந்துப் போட்டியில் அவனுக்கு முட்டி ஜவ்வு அறுந்தது. அவன் ஆட்டம் ஒன்றையும் விடாத பெர்க்மான்ஸ் அந்தச் சத்தத்தைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். வெகுநாள் அது அவர் காதை விட்டுப் போகவில்லை.

ஆபரேஷன் முடிந்து, கம்பு ஊன்றி, கம்பை விட்டு, மணலில் நடந்து, பிறகு ஓடி, அடுத்த திருவிழாவுக்கு அவன் மறுபடி ஜெர்சி போடுகிறான் என்று தெரிந்ததும் ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

பெர்க்மான்ஸுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

எதிரணி பக்கத்து ஊர். அதில் ஜெறால்டு என்று ஒரு தடுப்பாட்டக்காரன். பந்தை எடுக்கப் போனால் மண்ணையும் சேர்த்து எடுப்பவன்.

போட்டிக்கு முந்தின நாள் பெர்க்மான்ஸ் நல்ல நெய்மீன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜெறால்டின் வீட்டுக்குப் போனார். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். அவன் வாசலிலும் மீன் காய்ந்துகொண்டிருந்தது.

வெட்கத்தை விட்டுக் கேட்டார். அந்தக் கால் பக்கம் மட்டும் போகாதே தம்பி.

ஜெறால்டு கொஞ்ச நேரம் மீனையே பார்த்தான். சரி என்று வாக்குக் கொடுத்தான்.

மறுநாள் ஆட்டம்.

கிளாட்சன் இறங்கியபோது எழுந்த கூச்சலில் ரெஃப்ரி ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி ஊதினார்.

பந்தைத் தொட்டான். கைதட்டல்.

முன்னேறினான். கைதட்டல்.

ஜெறால்டு விலகினான். அவன் விலகியதைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். சப்பரம் வரும்போது ஜனம் ஒதுங்குவதுபோல் ஒதுங்கினார்கள்.

ஊருக்கு அது உறைக்கவில்லை. பழைய கிளாட்சன் திரும்பிவிட்டான் என்று துள்ளியது.

கிளாட்சனுக்கு உறைத்தது.

அடுத்த முறை வழி திறந்தபோது அவன் ஓடவில்லை. பந்தைக் காலடியில் நிறுத்தினான். கோட்டோரம், பெர்க்மான்ஸின் கைக்கெட்டும் தூரத்தில். அவன் முகம் சுண்டிப் போயிருந்தது.

"எலேய் ஜெறால்டு, எனக்குக் கால் சரியாயிட்டு. இப்ப நீதாம்லே என்னை நொண்டியாக்குத."

ஜெறால்டு திரும்பி பெர்க்மான்ஸைப் பார்த்தான்.

வேண்டாம் என்று கையை அசைத்தால் போதும். கால் பிழைக்கும்.

கிளாட்சன் பிழைக்க மாட்டான். அந்த முகத்தைப் பார்த்தவருக்கு அது தெரிந்தது.

எத்தனையோ வள்ளங்களைத் தோள் கொடுத்துக் கரையேற்றியவர். அன்று தலையைக் கொஞ்சம் அசைப்பது அதைவிடப் பாரமாக இருந்தது.

போ என்று அசைத்தார்.

கிளாட்சன் பந்தோடு கிளம்பினான்.

ஜெறால்டு வந்தான். சறுக்கிக்கொண்டு, புழுதியோடு, முழு உடம்போடும் வந்தான். பந்தைத்தான் எடுத்தான். பந்தோடு கிளாட்சனும் போனான்.

பழைய காலின் மேலேயே விழுந்தான்.

எத்தனை தடவை சொன்னாலும் பெர்க்மான்ஸ் இங்கே டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். அன்று மாதாவைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. நானே அவனை முடித்துவிட்டேன் என்றுதான் நின்றார்.

ரெஃப்ரி ஊதவில்லை.

ஜெறால்டு கையை நீட்டினான்.

கிளாட்சன் அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை. உள்ளங்கையைத் தரையில் ஊன்றினான். ஒரு பாதத்தை வைத்தான். ஜவ்வு அறுந்த அதே காலின் பாதத்தை.

அதன் மேல் எழுந்தான்.

எழுந்து, புழுதியைத் தட்டி, ஜெறால்டின் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான். சிரித்தான்.

பிறகு வந்த சத்தத்துக்கு பெர்க்மான்ஸிடம் சொல் கிடையாது. இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டுவார். கடலில் நின்றவர்களுக்கும் கேட்டதாம். ஊரில் என்னவோ ஏதோ என்று வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்களாம்.

அந்த இரைச்சலில் அவர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்து பாதி வழியில் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. ஓடியவர் கிளாட்சனிடமும் போகவில்லை. எதிரணிக்காரன் ஜெறால்டை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார். பின்னால் ஊரே ஓடியது. எல்லோருக்கும் முன்னால், சாரத்தைக் கையில் பிடித்தபடி கிளாட்சன் ஓடினான்.

ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது. பந்து அது பாட்டுக்கு ஓரமாகக் கிடந்தது.

டீக்கடை சிரித்து ஓய்ந்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சாமியாரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ, மேட்ச்ல யார் ஜெயிச்சா?"

கடையில் இருந்தவர்கள் டீயை உறிஞ்சினார்கள். அந்த வருஷக் கோப்பை பக்கத்து ஊர் மன்றத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

பெர்க்மான்ஸ் சாமியாரை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், வெளியூர்.

"அதத்தான சாமி இம்புட்டு நேரமும் சொன்னேன்."